ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்டாயே

நாஷ்வில்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்கு முதுகுவலி தேவலை. அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தேன். சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. மாம்பழ சீசன் முடியும்வரை அம்மா சொல்லும் எதையும் நம்பாதே.

'கோல் மைனர்ஸ் டாட்டர்' படத்தைப் பார், பார் என்று உன்னை நச்சரித்து ஒருவழியாகப் பார்க்க வைத்தேன். பார்த்துவிட்டு நீ அனுப்பிய பதில் இரண்டே வரி. "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆள் மேல ஒரு கேஸ்கூடப் போடலையா, ஏன் விட்டுட்டுப் போகல?" குடும்பநல நீதிமன்ற வாசலிலேயே காலம் தள்ளுகிறவள் வேறென்ன கேட்பாய்! போனில் பேசினால் பாதியில் உனக்கு யாராவது கட்சிக்காரர் வந்துவிடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பார்த்த படம் 1980இல் வந்தது. கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் 1976இல் எழுதிய சுயசரிதையை வைத்து எடுத்தது. இரண்டும் வந்தபோது அவள் கணவன் டூலிட்டில் உயிரோடு, அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரி பக்கத்தில் நிற்கும்போது சாட்சி சொல்லும் சாட்சியத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் 1996இல் இறந்தான். 2002இல் அவள் இன்னொரு புத்தகம் எழுதினாள். குடி, மற்ற பெண்கள், அடி, எல்லாம் அதில்தான் பூசிமெழுகாமல் வருகிறது. படத்தில் அவனாக நடித்த டாமி லீ ஜோன்ஸ் அந்த ஒரு சிரிப்பை வைத்தே பாதிக் குற்றத்திலிருந்து தப்பிவிடுகிறார். நீ அதையும் மீறிக் கோபப்பட்டிருக்கிறாய். சரியான கோபம்தான்.

ஆனால் கதையை நடந்த வரிசையில் கேள். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, அப்பலாச்சியன் மலை இடுக்கில், புட்சர் ஹாலோ என்று ஓர் இடம். வேன் லியர் சுரங்கத்துக்குப் பக்கம். 1932 ஏப்ரல் 14 அன்று அங்கே பிறந்தாள், எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா டெட் வெப் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மரக்குடிசை. குளிர் காற்று வராமல் இருக்கப் பலகைச் சுவர் முழுக்கப் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாள்களில் லொரெட்டா யங் என்ற சினிமா நடிகையின் படமும் இருந்திருக்கிறது. அவள் அம்மாவுக்குப் பிடித்த அந்தப் பெயரைத்தான் பெண்ணுக்கு வைத்தார்கள். வீட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ. சனிக்கிழமை ராத்திரி நாஷ்வில்லிலிருந்து கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சி வரும். 1925இல் தொடங்கி இன்றுவரை நிற்காமல் நடக்கும் நிகழ்ச்சி அது. கன்ட்ரி பாட்டுக்காரர்களுக்கு அந்த மேடையில் ஏறுவதுதான் அரங்கேற்றம்.

அப்பாவைப் பற்றி எழுதும்போது எனக்கு மனசு ஒருமாதிரி ஆகிவிடுகிறது. நான் வேலை பார்க்கும் நுரையீரல் வார்டுக்குக் கிழக்குக் கென்டக்கியிலிருந்து இன்றும் பழைய சுரங்கத் தொழிலாளிகள் வருகிறார்கள். 'பிளாக் லங்' என்பார்கள். வருஷக்கணக்கில் உள்ளே போன கரித்தூள் நுரையீரலிலேயே தங்கித் தழும்பாக இறுகிவிடும். அந்தத் தழும்பை எடுக்க மருந்து கிடையாது. ஆக்சிஜன் குழாயைப் பொருத்தி, தலையணையை உயர்த்தி வைத்து, உட்கார்ந்தபடி தூங்கப் பழக்குவதுதான் எங்களால் முடிந்தது. டெட் வெப்புக்கும் அந்த நோய்தான். சுரங்க வேலை போய், குடும்பத்தோடு இண்டியானா மாநிலத்துக்குப் பெயர்ந்து, 1959இல் இறந்துபோனார். மகளின் முதல் இசைத்தட்டு வந்தது 1960இல். சுரங்கத்துக்குள் தூசி அளவுக்கு வரம்பு கட்டி, நோய் கண்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் மத்தியச் சட்டம் வந்தது 1969இல். எல்லாமே அவர் போனபிறகு. அவரைப் பற்றிச் சொல்லும் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாட்டு 1970 கடைசியில் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது.

அதை அவள் எழுதியபோது இன்னும் பல சரணங்கள் இருந்தன. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, இவ்வளவு நீளமாக இருந்தால் ரேடியோவில் போட மாட்டார்கள் என்று சொல்லிச் சிலவற்றை வெட்ட வைத்தார். வெட்டியவை போயே போய்விட்டன என்று அவள் கடைசிவரை வருத்தப்பட்டாள். மிச்சம் இருப்பதைக் கேட்டால் அந்த வீட்டின் கிணறு, துணி துவைக்கும் பலகை, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் வந்துவிடுகின்றன. வறுமையைப் பற்றி ஒரு முனகல்கூடக் கிடையாது. எனக்கு அவள் பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். பொருளைச் சொல்வாள், அதற்குமேல் அழுது காட்ட மாட்டாள்.

கல்யாணத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் நிதி திரட்ட ஒரு விழா. பெண்கள் செய்து வந்த 'பை' என்ற இனிப்புப் பலகாரத்தை ஆண்கள் ஏலத்தில் எடுக்க வேண்டும். இவள் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிச் செய்த பையை ஏலத்தில் எடுத்தவன், ராணுவத்திலிருந்து திரும்பியிருந்த டூலிட்டில் லின். வயது 21. 1948 ஜனவரி 10 அன்று கல்யாணம். பதின்மூன்று வயதில் கல்யாணம் ஆனது என்றுதான் அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தாள், சுயசரிதையும் அப்படித்தான் சொல்கிறது. 2012இல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பார்த்தால் பதினைந்து! பாட்டுக்காரிகள் வயதைக் குறைத்துச் சொல்வது உலக வழக்கம்தான். ஆனால் இந்தப் பொய்யில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனி. தன் கல்யாண வயதை இரண்டு வருஷம் குறைத்ததால், கட்டியவனின் குற்றத்தை இரண்டு வருஷம் கூட்டிவிட்டாள். அவனும் மறுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. பதினைந்தும் குழந்தைதான் என்று நீ சொல்வாய். ஆமாம்.

வயிற்றில் பிள்ளையோடு நாட்டின் அந்தக் கோடிக்குப் போனாள். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைப் பக்கம், கஸ்டர் என்ற ஊர். அவன் மரம் வெட்டப் போனான், பண்ணை வேலைக்குப் போனான். இருபது வயதைத் தாண்டுமுன் அவள் கையில் வரிசையாகக் குழந்தைகள். ஊரில் கள்ளச்சாராயம் விற்ற பழக்கம் போனாலும் குடிக்கிற பழக்கம் போகவில்லை அவனுக்கு. அடி அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அவன் ஒன்று கொடுத்தால் நான் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று பேட்டிகளில் சொல்வாள், சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பை நான் நம்புவதில்லை. ஆனால் திருப்பி அடித்ததை நம்புகிறேன்.

இதே ஆள்தான் 1953இல் சியர்ஸ் கடையிலிருந்து 17 டாலர் விலையில் ஒரு ஹார்மனி கிதார் வாங்கிக்கொடுத்தான். பிள்ளைகளைத் தூங்கவைக்க அவள் பாடுவதைக் கேட்டு, ரேடியோவில் வருகிறவர்களைவிட இவள் நன்றாகப் பாடுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. கிட்டி வெல்ஸ் என்ற பெரிய பாடகிக்கு அடுத்தபடி நீதான் என்றானாம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே சுருதி பிடித்து, விரல் வைத்துக் கற்றுக்கொண்டாள். நாலு பேர் முன்னால் நிற்கவே கூசும் பெண். அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஊர் மன்றத்தில் பாடவைத்தவனும் அவன்தான். அவன் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். உன் இரண்டு வரிக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத முடியாமல் போவது இந்த இடத்தில்தான். ஓங்குகிற கையும் கிதார் நீட்டுகிற கையும் ஒன்றாக இருந்தால் நீ என்ன பிரிவில் வழக்குப் போடுவாய்?

அடுத்து நடந்ததுதான் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பக் ஓவன்ஸ் என்ற பாடகர் டகோமாவில் நடத்திய டிவி நிகழ்ச்சியில் பாடி ஒரு கைக்கடிகாரம் ஜெயித்தாள். அதைப் பார்த்த ஒரு கனடா மர வியாபாரி பணம் போட்டார். ஸீரோ ரெக்கார்ட்ஸ் என்று ஒரு குட்டிக் கம்பெனி. லாஸ் ஏஞ்சலீஸ் போய் 'ஐ'ம் எ ஹாங்க்கி டாங்க் கேர்ள்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். மதுக்கடையில் தனியாக உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணைப் பார்த்து அவளே எழுதிய பாட்டு. விளம்பரத்துக்குக் காசில்லை. டூலிட்டில் அவளைத் தானே படம் பிடித்து, தட்டோடு சேர்த்து ரேடியோ நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினான். பிறகு இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஊர் ஊராக ரேடியோ நிலைய வாசலில் போய் நிற்பார்கள். தட்டைப் போட்டால்தான் நகர்வார்கள். ரொட்டியில் பலோனி இறைச்சியை வைத்துத் தின்று, காரிலேயே தூங்கி, நாட்டையே குறுக்கே கடந்து நாஷ்வில் வந்து சேர்ந்தபோது பாட்டு பில்போர்ட் கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடம். அது அவர்களுக்கே அப்புறம்தான் தெரிந்தது. 1960 அக்டோபரில் ஆப்ரி மேடையில் ஏறிவிட்டாள்.

இங்கே அவளுக்குக் கிடைத்த நெருங்கிய சிநேகிதி பாடகி பேட்ஸி க்ளைன். 1961இல் பேட்ஸி கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய பாட்டையே லொரெட்டா ரேடியோவில் பாடி அவளுக்குச் சமர்ப்பித்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டிருந்த பேட்ஸி, இந்தப் பெண்ணை இப்போதே கூட்டி வா என்று கணவனை அனுப்பினாள். துணி கொடுத்தாள், மேடையில் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தாள், டூலிட்டிலை எதிர்த்து நில் என்றும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் பேட்ஸி இறந்தாள். மறு வருஷம் லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது ஒருத்திக்குப் பேட்ஸி என்று பெயர்.

இப்போது பாட்டுகளுக்கு வருகிறேன். நீ தேடும் வழக்கு அங்கேதான் பதிவாகியிருக்கிறது. கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் ஒரு பெண் அழுதபடி வந்தாள். கணவன் வேறொருத்தியைக் கூட்டி வந்து முன்வரிசைப் பக்கமாக உட்காரவைத்திருக்கிறான் என்றாள். லொரெட்டா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு உன்னிடமிருந்து அவனைப் பறிக்கும் அளவுக்குப் பெண்மை போதாது என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சில நிமிஷத்தில் பாட்டாக எழுதிவிட்டாள். 1966இல் வந்தது. மூக்குமுட்டக் குடித்துவிட்டுக் கட்டிலுக்கு வராதே என்று கணவனைப் பார்த்துச் சொல்லும் பாட்டு 1967இல் அவளுடைய முதல் முதலிடம். அதைத் தங்கை பெகி சூவும் அவளும் சேர்ந்து எழுதினார்கள். (நாமும் சேர்ந்து எழுதியிருக்கலாம். நீ சண்டைக்கு வந்திருப்பாய்.) 1968இல் 'ஃபிஸ்ட் சிட்டி'. ஊரில் டூலிட்டிலைச் சுற்றிவந்த ஒரு பெண்ணைப் பார்த்து, கிட்டே வந்தால் முடியைப் பிடித்துத் தரையில் கிடத்துவேன் என்கிற பாட்டு. ஆப்ரி மேடையில் அவள் பாடியபோதுதான் டூலிட்டிலே முதன்முதலாகக் கேட்டான். இது ஓடாது என்றான். முதலிடத்துக்கு வந்தது.

யோசித்துப் பார். அவளை மேடைக்குத் தள்ளிவிட்டவன் அவன்தான். தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையை ஊர் ஊராகப் படிக்க அவனே மேடை போட்டுக் கொடுத்தான். 1966இல் பாட்டில் வந்த பணத்தில் ஹரிக்கேன் மில்ஸ் என்ற ஊரையே, மாவு ஆலை உட்பட, விலைக்கு வாங்கினார்கள். நாஷ்வில்லிலிருந்து மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நானும் மாமாவும் போயிருக்கிறோம். வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு ஒரு பக்கம். புட்சர் ஹாலோ குடிசையை அப்படியே நகல் எடுத்துக் கட்டியது இன்னொரு பக்கம். அருங்காட்சியகத்தில் அவள் போட்ட நீளப் பாவாடைக் கவுன்கள் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகின்றன. மாமாவுக்கு அரைமணி நேரத்தில் பசித்துவிட்டது.

ஆனாலும் அவளை மேடைப் பெண்ணியவாதியாக நினைத்துவிடாதே. பெண்ணுரிமைப் போராளி பெட்டி ஃப்ரீடன் பேசிக்கொண்டிருந்த டிவி நிகழ்ச்சியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனதை அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். 2016 தேர்தலில் டிரம்பை ஆதரித்தாள். அவளைத் தங்கள் பக்கம் இழுத்து நிறுத்தப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் எங்காவது ஓரிடத்தில் கைநழுவிப் போனாள். அப்படியிருக்க, கருத்தடை மாத்திரையைப் பற்றி 'தி பில்' என்று அவள் பாடினாள் பார். 1972இல் பதிவு செய்தது. கம்பெனி பயந்து மூன்று வருஷம் பெட்டிக்குள் வைத்திருந்து 1975இல் வெளியிட்டது. பல ரேடியோ நிலையங்கள் போட மறுத்தன. பாதிரியார்கள் பிரசங்க மேடையில் திட்டினார்கள். திட்டைக் கேட்டவர்கள் கடைக்குப் போய்த் தட்டை வாங்கினார்கள். பட்டியலில் ஐந்தாம் இடம். மாத்திரையைப் பற்றிக் கிராமப்புறத்துப் பெண்களுக்கு எங்கள் துண்டுப் பிரசுரத்தைவிட உன் பாட்டு அதிகம் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர்கள் தன்னிடம் சொன்னதாக அவள் ஒரு பேட்டியில் சொல்கிறாள். வருஷா வருஷம் வயிறு நிறைந்து நின்ற பெண் பாடியதால்தான் அந்தப் பாட்டை யாராலும் வெறும் பிரசாரம் என்று தள்ள முடியவில்லை. கொள்கை இல்லை, கணக்கு. இதற்கு நடுவில் 1972இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் 'எண்டர்டெய்னர் ஆஃப் தி இயர்' விருது. அதுவரை ஒரு பெண்ணுக்கும் கொடுத்ததில்லை.

வக்கீலம்மா, உனக்காகவே எடுத்துவைத்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. படத்தில் இது கிடையாது.

நாஷ்வில் வந்த புதிதில் அவளுக்குக் கைகொடுத்தவர்கள் வில்பர்ன் சகோதரர்கள். அவர்களும் பாடகர்கள். ஷ்யூர்-ஃபயர் என்று பாட்டு உரிமைக் கம்பெனி நடத்தினார்கள். டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியின் ஓவன் பிராட்லிக்கு அவர்களிடம் இருந்த ஒரு பாட்டு பிரெண்டா லீ என்ற பாடகிக்கு வேண்டியிருந்தது. பாட்டு வேண்டுமா, இந்தப் பெண்ணை ஒப்பந்தம் செய், தருகிறோம் என்று பேரம் பேசி லொரெட்டாவை டெக்காவில் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு செய்தவர்கள். அதே கையோடு, அவள் எழுதும் பாட்டுகளின் உரிமையைத் தங்கள் கம்பெனிக்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள். குரல் பதிந்த தட்டுக்கு ஒரு வருமானம், பாட்டை எழுதியதற்கு வேறொரு வருமானம் என்பது உனக்குத் தெரியும். ரேடியோவில் போட்டாலும், வேறு யாராவது பாடினாலும், சினிமாவில் சேர்த்தாலும் அந்த இரண்டாவது காசு வந்துகொண்டே இருக்கும். அதை நிர்வகித்துப் பங்கு எடுப்பவர் உரிமைக் கம்பெனிக்காரர். மலையிடுக்கு ஊரின் ஓரறைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்த பெண், எழுத்துக்கூட்டி வாசித்தோ வாசிக்காமலோ கையெழுத்துப் போட்டாள். டூலிட்டிலும் அதைத் தடுக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு விஷயம் உறைத்தது. வெளியே வரப் பார்த்தாள், நீதிமன்றம் போனாள். முப்பது வருஷம்போல இழுத்த சண்டை. கடைசியில் பாட்டு உரிமை அவளுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவைப் பற்றி, அந்தக் கிணற்றைப் பற்றி, அம்மாவின் கையைப் பற்றி எழுதியது வேறொருவர் சொத்து. அவள் ஒரு முடிவெடுத்தாள். எழுதினால் அவர்களுக்குப் போகும், ஆகவே எழுதுவதில்லை. எழுபதுகளிலிருந்து அவள் சொந்தமாகப் பாட்டு எழுதுவது ஏறக்குறைய நின்றே போயிற்று. தி பில் முதல் பிற்காலப் பாட்டுகள் வரை மற்றவர்களிடமிருந்தும் எடுத்துப் பாடினாள். பாடகர் கான்வே ட்விட்டியுடன் ஜோடிப் பாட்டுகள் பாடினாள். அதெல்லாம் நன்றாகவே ஓடின. ஆனால் கணவனின் மூஞ்சிக்கு நேரே எழுதிய அந்தப் பெண்ணின் பேனா நாற்பது வயதில் மூடிவைக்கப்பட்டது.

குடித்துவிட்டு வந்தவனாலும் அடித்தவனாலும் அவள் வாயை அடைக்க முடியவில்லை. அவன் அடித்த அடிக்குப் பாட்டு வந்தது. அவளை எழுத விடாமல் செய்தது ஒரு தாள், நல்ல மனசோடு உதவி செய்தவர்கள் நீட்டிய தாள். ஏன் அவனை விட்டுப் போகவில்லை என்று நீ கேட்கிறாய். அவனை அவள் எந்த நாளும் விட்டுப் போயிருக்க முடியும் என்று நினைக்கிறேன். பணம் அவளுடையது, பெயர் அவளுடையது, ஜனம் அவள் பக்கம். போகாமல் இருந்தாள், அது அவள் முடிவு, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஷ்யூர்-ஃபயரை விட்டுப் போகத்தான் அவளால் முடியவில்லை. போக நினைத்துக் கதவு திறக்காத இடம் அது ஒன்றுதான்.

மீதியைச் சுருக்கிவிடுகிறேன். 1984இல் மூத்த மகன் ஜாக் பென்னி, அவர்கள் பண்ணை வழியாக ஓடும் டக் ஆற்றைக் குதிரையில் கடக்கப் போய் மூழ்கிவிட்டான். 34 வயது. அவள் அப்போது கச்சேரிப் பயணத்தில் களைத்து விழுந்து இல்லினாய்ஸில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டூலிட்டில்தான் போய்ச் சொன்னான். பிறகு அவனுக்கே சர்க்கரை முற்றிக் காலை எடுக்க வேண்டி வந்தது. அவள் கச்சேரிகளைக் குறைத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டாள். நர்ஸ் என்ற முறையில் எனக்குத் தெரியும், அந்த நிலையில் இருக்கும் முரட்டு ஆண்களைக் கவனிப்பது எப்படிப்பட்ட வேலை என்று. கடைசிவரை பார்த்தாள். ஏன் என்று கேட்காதே. வார்டில் இப்படிப்பட்ட மனைவிகளைத் தினம் பார்க்கிறேன், அவர்களிடமும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. டெட்ராய்ட்டிலிருந்து ஜாக் வைட் என்று ஒரு ராக் இசைக்காரப் பையன். தன் குழுவின் இசைத்தொகுப்பு ஒன்றை அவளுக்குச் சமர்ப்பித்திருந்தான். அவள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். 2004இல் அவன் தயாரிப்பில் 'வேன் லியர் ரோஸ்' வந்தது. அவளுக்கு 72, அவனுக்கு 28. நாஷ்வில்லின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண வீட்டில், எட்டுத் தடப் பழைய கருவியில் பதிவு செய்தார்கள். பாட்டுகள் எல்லாம் அவள் எழுதியவை. அதை நீ முதலில் கேட்க வேண்டும். அம்மாவின் இளமையைப் பற்றி ஒன்று, பேச்சாகவே ஓடும் ஒன்று, டூலிட்டிலைப் பற்றியும் உண்டு. இரண்டு கிராமி வாங்கியது. பிறகு 2013இல் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். 2017இல் பக்கவாதம், அடுத்த வருஷம் இடுப்பெலும்பு முறிவு. இருந்தும் 2021இல் இன்னொரு தொகுப்பு வெளியிட்டாள். அதே வருஷம் ஆகஸ்டில் அந்தப் பக்கம் பெருவெள்ளம், பண்ணை மேலாளர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். 2022 அக்டோபர் 4 அன்று ஹரிக்கேன் மில்ஸ் வீட்டில், தூக்கத்திலேயே இறந்தாள். வயது 90. அன்று எங்கள் வார்டில் டிவியை யாரும் அணைக்க விடவில்லை.

கேட்கிற வரிசையைச் சொல்கிறேன். வேன் லியர் ரோஸ் முதலில். பிறகு 1966லிருந்து 1970 வரை உள்ளவை, ஓவன் பிராட்லி தயாரித்தவை. ஸ்டீல் கிதார் குரலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வருவதைக் கவனி. ஆனால் அவள் குரல் ஒருபோதும் அதனோடு சேர்ந்து அழாது. கடைசியாகத்தான் ஜோடிப் பாட்டுகள், அவற்றில் எனக்கு அவ்வளவு பிடித்தம் இல்லை. மாமாவுக்கு அவைதான் பிடிக்கும்.

நீ பதில் எழுதும்போது கணவனைப் பற்றி எழுதாதே, அது எனக்கே தெரியும். ஒப்பந்தத்தைப் பற்றி எழுது. படிப்பறிவு குறைந்த ஒருத்தி, உதவி செய்தவர்கள் மேலிருந்த நம்பிக்கையில், இன்னும் எழுதாத பாட்டுகளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நம் ஊர் நீதிமன்றத்தில் அது நிற்குமா? நிற்கும் என்றால் எந்தச் சட்டத்தில் நிற்கும், நிற்காது என்றால் நீ எதைப் பிடித்து வாதாடுவாய்? இந்த முறை இரண்டு வரியில் முடிக்காதே.

அன்புடன்,
அக்கா